சீராக வந்த மீன்தொட்டி

தங்கமீனையும் ஃபைட்டர் மீனையும் ஒரே தொட்டிக்குக் கேட்டால், வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் பாண்டீஸ்வரி கொடுக்க மாட்டாள். "சேராது" என்பாள். காசை நீட்டிக்கொண்டு நின்றாலும் அதே பதில்தான். எந்த மீன் எதனோடு ஒத்துப்போகும், எது எதன் வாலைக் கடிக்கும், இன்றைக்கு விரல் நீளத்தில் இருப்பது நாளைக்கு எவ்வளவு பெரிதாகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு பார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்டவள்தான் தன் சொந்த அத்தை வீட்டுக்கு, தெரிந்தே, சேராத மீன்களாகப் பார்த்துப் பொறுக்கினாள்.

அத்தை இருளம்மாள், அவள் அப்பா ஒச்சாண்டிக்கு ஒரே தங்கை. அத்தை மகன் விஜய்பாண்டிக்குத்தான் பாண்டீஸ்வரி என்பது அவள் பாவாடை கட்டிய நாளிலேயே முடிவான பேச்சு. சொந்தபந்தமெல்லாம் அதைச் சொல்லித்தான் அவளைக் கேலி செய்தது. அவளும் அதை நம்பித்தான் வளர்ந்தாள். ஆனால் தாம்பூலம் மாற்ற வேண்டிய நேரத்தில் அத்தை வந்து உட்கார்ந்து, உறவுக்குள் கட்டினால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதே பெரியகுளத்தில் கயல் என்று டீச்சர் ட்ரெய்னிங் முடித்த பெண்ணைப் பேசி முடித்திருந்தாள். டாக்டர் தலையில் பழியைப் போட்டதோடு விட்டிருந்தால்கூடப் போகட்டும். ஒரு கல்யாணப் பந்தியில், நாலு பெண்கள் காதுபட, "கடையில நின்னு வாரவன் போறவன்கிட்டயெல்லாம் வாயாடுற பிள்ளை, எங்க வீட்டுச் சாமி ரூமுக்கு ஆகுமா?" என்று கேட்டாள். அந்தப் பேச்சு அன்று சாயங்காலத்துக்குள் பாண்டீஸ்வரியின் காதுக்கு வந்து சேர்ந்தது. வந்தது வந்ததுதான், வெளியே போகவே இல்லை.

ஒச்சாண்டியோ தாய்மாமன். மகளை வேண்டாம் என்ற வீட்டுக்கும் மாமன் சீர் போய்த்தான் ஆக வேண்டும். அவரும் தலையில் உருமா கட்டிக்கொண்டு, கொட்டுமேளத்தோடு போய், வேறொருத்தி கழுத்தில் தாலி கட்டப்போகிற மருமகனுக்கு மாலை போட்டுவிட்டு வந்தார். எப்படி முடிந்தது உங்களால் என்று மகள் கேட்டபோது, "எனக்கு இருக்கது ஒத்தத் தங்கச்சி. அறுத்துக்கிட்டு எங்கனத்தா போறது?" என்றார். அதற்குமேல் அவரைக் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. அப்பாவிடம் காட்ட முடியாத கோபத்தையும் சேர்த்து அத்தை பேரில் வைத்துக்கொண்டாள்.

2005 தை மாதம் அத்தை பழனிசெட்டிபட்டியில் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினாள். வாஸ்து பார்த்தவர் ஹாலில் வடகிழக்கு மூலையில் மீன்தொட்டி வைத்தால் வீட்டுக்கு வரும் கெடுதலை மீன் வாங்கிக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார். அத்தை அண்ணனுக்குப் போன் போட்டு, மாமன் சீரில் வேறு எதுவும் வேண்டாம், நம் பிள்ளை கடையிலிருந்து ஒரு மீன்தொட்டி வந்தால் போதும் என்றாள். நம் பிள்ளை கடையாம். சாமி ரூமுக்கு ஆகாத பிள்ளையின் கடை ஹாலுக்கு மட்டும் ஆகும் போலிருக்கிறது. அப்பா போனை வைத்துவிட்டு இதைச் சொன்னதும் பாண்டீஸ்வரி நேராகத் தொட்டிகள் இருக்கும் அறைக்குள் போனாள்.

வாலை விசிறி விசிறி மெதுவாக நீந்தும் ஏஞ்சலும் தங்கமீனும் எடுத்தாள். அந்த மாதிரி வாலைக் கண்டால் கடிக்காமல் இருக்க முடியாத டைகர் பார்ப் ஒரு கூட்டம் எடுத்தாள். கடைசியாக, கறுப்பும் ஆரஞ்சுமாக, சட்டைப் பித்தான் மாதிரிக் கண்ணோடு ஒரு ஆஸ்கர் குஞ்சு. வளர்ந்தால் அதன் வாய்க்குள் அடங்குகிற எதுவும் தப்பாது. எல்லாம் குட்டியாக இருக்கையில் பார்க்க அவ்வளவு அழகு. பால் காய்ச்சுக்கு வந்த சனமெல்லாம் தொட்டியைச் சுற்றி நின்று மாமன் சீரைப் பாராட்டியது. ஒச்சாண்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அப்போதுதான் அத்தை கேட்டாள். வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது தொட்டித் தண்ணீரையும் மொத்தமாகக் கொட்டிவிட்டு, சோப்புப் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்துவிடலாம் அல்லவா என்று. சுத்தத்துக்குப் பேர்போன வீடு அது. பூஜைச் சாமானைப் போலவே மீன்தொட்டியையும் விளக்கிவைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றும் நல்ல கிருமிகள் தொட்டியில் குடியேறவே வாரக்கணக்கில் ஆகும், கால்வாசித் தண்ணீரைத்தான் மாற்ற வேண்டும், குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து இருக்கும், அதை ஒரு நாள் வெளியே வைத்திருந்து ஊற்ற வேண்டும், சோப்பு பக்கத்திலேயே வரக் கூடாது என்று கடைக்கு வருகிற எல்லாரிடமும் வாய் வலிக்கச் சொல்கிறவள் பாண்டீஸ்வரி. அன்று அவள், "ஆமா அத்தை" என்றாள். பக்கத்தில் நின்ற கயல் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். தொட்டி வேலை மருமகள் தலையில்தான் விடியும் என்று அப்போதே தெரிந்தது. விடியட்டும் என்றுதான் பாண்டீஸ்வரி நினைத்தாள். தன் இடத்தில் வந்து உட்கார்ந்தவள்தானே அவளும்.

மீன்கள் சாக ஆரம்பித்தன. வால் கந்தலாகி ஏஞ்சல் போனது. வெள்ளிக்கிழமை கழுவினால் சனிக்கிழமை ஒன்றிரண்டு வயிறு மேலாக மிதந்தன. மிஞ்சியதை ஆஸ்கர் தின்று கொழுத்தது. முதலில் அத்தை, வந்த கண்டம் மீனோடு போயிற்று என்று நிம்மதியாகப் பேசினாள். பிறகு பேச்சு மாறியது. கயலின் கைக்கு ராசி இல்லை, அவள் தொட்ட மீன் நிற்பதில்லை, கல்யாணமாகி வருஷம் ஓடியும் வயிற்றில் ஒரு பூச்சி இல்லை என்று தெருவெல்லாம் சொல்லத் தொடங்கினாள். கடைக்கு வந்து புது மீன் வாங்கிப்போவாள். அதுவும் சாகும். கயலுக்கு விழுகிற ஏச்சைக் கேட்கக் கேட்கப் பாண்டீஸ்வரிக்கு இனித்தது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. ராத்திரிச் சாப்பாடே தனி ருசியாக இருந்தது.

ஆடி மாதம் கயலைப் பெரியகுளத்துக்கு அனுப்பிவைத்தார்கள். ஆடி முடிந்தும் கூப்பிட யாரும் போகவில்லை. விஜய்பாண்டி, அம்மா எந்தப் பக்கம் திருப்புகிறாளோ அந்தப் பக்கம் பார்க்கிற பிள்ளை.

ஆவணியில் ஒரு நாள் அத்தை பூவும் பழமும் வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தாள். பெரியகுளத்துப் பிள்ளையோடு மகனுக்கு உறவைத் தீர்த்துவிடப்போவதாகவும், வீட்டுக்கு விளக்கேற்ற அண்ணன் மகள்தான் வர வேண்டும் என்றும் சொன்னாள். ஒச்சாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கைக்குக் காப்பி வாங்கி வருகிறேன் என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

பாண்டீஸ்வரி இத்தனை காலம் காத்திருந்த நேரம் அது. ஒங்க வீட்டுச் சாமி ரூமுக்கு நான் ஆக மாட்டேன், போங்க என்று முகத்துக்கு நேராகச் சொல்லப்போகிறாள். அதற்கு முன்னால் கொஞ்சம் ஆட்டம் காட்ட நினைத்து, உறவுக்குள் கட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னது என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"அவுக சொல்லுவாக. அதெல்லாம் பாத்தா நடக்குமா?"

அப்புறம் அத்தை பக்கத்தில் நகர்ந்து அவள் கன்னத்தைத் தடவினாள். குரலை இறக்கினாள்.

"எனக்குத் தெரியும்த்தா. பக்கத்து வீட்டு வாத்தியார் மாசியிலயே சொல்லிட்டாரு, மொத்தத் தண்ணியையும் கொட்டாதீக, மீன் செத்துப்போகும்னு. கடை வச்சிருக்க ஒனக்கா அது தெரியாது? நீ எதுக்கு ஆமான்னேன்னு அன்னைக்கே புரிஞ்சுக்கிட்டேன். கயலு எம்மகனத் தனிக்குடித்தனம் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா. நான் என்ன செய்றதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தப்ப, வழிய நீதான் காட்டுன. அதுக்கப்பறம் ஒரு வெள்ளிக்கிழமை விடலையே நான். நின்னு கழுவ வச்சேன். என் மருமகளா வரதுக்குன்னே பெறந்தவ நீ."

பாண்டீஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரைப் பழிவாங்க மீன் பொறுக்கினாளோ அவளுக்கே இத்தனை மாதம் கூலியில்லாமல் வேலை பார்த்திருக்கிறாள். கன்னத்தில் இருந்த கையைத் தட்டிவிட்டாள்.

ஒச்சாண்டி காப்பியோடு வந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவள் சொன்னாள். சேராத மீனைக் கொடுத்தது, ஆமா என்றது, அத்தை தெரிந்தே கழுவ வைத்தது, ஒன்று விடவில்லை. ஒரே தங்கை என்கிற அந்த உறவு இத்தோடு முடிந்தது என்று தெரிந்தேதான் சொன்னாள். அத்தை மறுத்துப் பேச வாயெடுத்தாள். ஒச்சாண்டி அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். தன் தங்கையை அவருக்குத் தெரியாதா.

"நீ கெளம்பு இருளம்மா" என்றார். அவளை ஆத்தா என்று அல்லாமல் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை. பிறகு மகளைப் பார்த்து, "நீயும் கெளம்பு. பெரியகுளம் போகணும். எங்கிட்டச் சொன்னத அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லு" என்றார். பஸ்ஸில் மகள் பக்கத்தில் அவர் உட்காரவில்லை.

கயல் வீட்டில் அவள் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். உள்ளே கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. கயல் முற்றத்து ஓரமாக, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாண்டீஸ்வரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

கயல் மடியில் கிடந்த தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"செத்த மீனையெல்லாம் ஒவ்வொண்ணாப் பொறுக்கிக் கொல்லையில பொதைச்சவ நான். இந்தக் கை பொல்லாத கைன்னு நானே நம்பிட்டேன். எங்கக்கா பிள்ளை பெறந்ததுலருந்து நான் இன்னும் தூக்கல. பயந்துக்கிட்டு இங்கன ஒக்காந்திருக்கேன்."

ஒச்சாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கயல் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் குழந்தை இருந்தது. தூக்கத் தெரியாமல் தூக்கியிருந்தாள். குழந்தை இரண்டு தரம் விம்மிவிட்டு அடங்கியது. அதன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கயல் பாண்டீஸ்வரியை நேராகப் பார்த்தாள்.

"நாளைக்கு நான் பழனிசெட்டிபட்டிக்குப் போறேன். வாழப் போகல. ஒங்க அத்தைகிட்டக் கணக்குத் தீக்கப் போறேன். மொதல்ல அவுக. அதுக்கப்பறம் நீங்க."

சத்தம் போடாமல், நிதானமாகத்தான் சொன்னாள். பந்தியில் அத்தை சொன்னது காதுக்கு வந்த நாளிலிருந்து பாண்டீஸ்வரி தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்த குரல் அது. இவள் சொன்னால் செய்வாள் என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

"கடையிலதான் இருப்பேன்" என்றாள் பாண்டீஸ்வரி.