நன்றிப் பட்டியலில் பொன்னப்பன்

இஞ்சிவிளை பொன்னப்பனுக்குப் படம் என்றால் முதல் இரண்டு நிமிடம்தான். அதில்தானே நன்றி சொல்கிறார்கள்! மலையாளத்தில் படம் எடுக்கிறவன் மந்திரி முதல் மரக்கடைக்காரன் வரை நன்றி சொல்லாமல் கதைக்குள் காலெடுத்து வைப்பானா? அந்தப் பட்டியலில் தன் பெயர் வரப்போகிறது என்று பாறசாலை முக்கு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தார் மனிதர்.

காரணம் இல்லாமல் இல்லை. போன வருஷம் ஒரு படக் கம்பெனி அவர் வீட்டில் பதினெட்டு நாள் ஷூட்டிங் நடத்தியது. கேமராவுக்குத் தண்டவாளம் போட வேண்டும் என்று, மனைவி விஜயம்மா நட்டு வளர்த்த ஏத்தன் வாழையில் பன்னிரண்டை வெட்டிச் சாய்த்தது. பன்னிரண்டும் குலை தள்ளியவை. இடத்தின் பத்திரம் விஜயம்மாவின் பெயரில் என்பதால் சம்மதக் கடிதத்தில் அவளிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

"பேரு வரும் விஜயம்மே, பேரு!" என்று சமாதானம் சொன்னார் பொன்னப்பன்.

"அந்தப் பேரு வரட்டு. அதுவர ஒங்களுக்குப் பழம்பொரி கெடையாது" என்றாள் அவள். ஒரு வருஷமாகக் கிடையாது. ஏத்தம்பழத்தை மாவில் முக்கிச் சுட்ட பழம்பொரி இல்லாத நாலுமணிச் சாயா ஒரு சாயாவா?

படம் தியேட்டர் பக்கம் தலைகாட்டாமல் நேரே ஓடிடிக்குப் போயிற்று, அதுவும் மூன்று ஓடிடிக்கு. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் நந்தனாவிடம் மூன்றும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு உண்ட கையோடு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். விஜயம்மாவின் தம்பி சோமனும் சாட்சிக்கு வந்துவிட்டான்.

முதலில் 'கொட்டகை ப்ளஸ்'. மலிவு, ஆனால் விளம்பரம் உண்டு. நன்றி என்ற எழுத்து வந்ததோ இல்லையோ, ஒருத்தி வந்து பல் விளக்க ஆரம்பித்தாள். அவள் வாய் கொப்பளித்து முடித்தபோது கதாநாயகன் பைக்கில் போய்க்கொண்டிருந்தான். பின்னால் தள்ளிப் பார்த்தால் மறுபடியும் பல்.

"இது வெல கொறஞ்ச பிளானாக்கும் அப்பா. பிரீமியம் பாப்பம்" என்று நந்தனா 'தோணி'யைத் திறந்தாள். தோணியில் விளம்பரமே இல்லை. நன்றியும் இல்லை! பார்ப்பவரின் பொன்னான நேரத்தை மிச்சம் பிடிக்க, தொடக்க எழுத்துகளை அதுவே ஸ்கிப் பண்ணிவிடுமாம்.

"காச கூடுதலா வாங்கிட்டுப் படத்தக் கொறச்சா தருவான்?" என்று குதித்தார் பொன்னப்பன். "இந்த ஸ்கிப்பக் கண்டுபிடிச்சவன் வெளங்கவே மாட்டான்!"

மூன்றாவது 'சித்திரப்பெட்டி'. விளம்பரம் இல்லை, ஸ்கிப் இல்லை, எழுத்துகள் நிதானமாக வந்தன. தமிழில் வந்தன. நன்றியெல்லாம் சென்னை டப்பிங் ஆட்களுக்கு! டிவி ஓடியது நந்தனாவின் போன் நெட்டில். போன் பிடித்திருந்தது எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் நிற்கும் களியக்காவிளை டவரை. ஆகவே இந்த வீடு தமிழ்நாடு, இங்கே மலையாளம் கிடைக்காது என்று சித்திரப்பெட்டி முடிவு கட்டிவிட்டது.

"முப்பது வருஷமா கேரளத்துல ஓட்டு போடுகேன். என்னைய எல்ல தாண்டி விட இவன் யாருலே?"

"வாழத்தோட்டத்துல நின்னா நம்ம டவரு கிட்டும் அத்தான்" என்றான் சோமன்.

போனைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் தோட்டத்துக்கு நடந்தார்கள். வாழை வெட்டுப்பட்ட இடம் வந்ததும் விஜயம்மா கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மலையாளம் வந்தது. பஞ்சாயத்துக்கு நன்றி, நெய்யாற்றின்கரை லாட்ஜுக்கு நன்றி, தோசை கொடுத்த கடைக்கு நன்றி. நந்தனா சட்டென்று நிறுத்தினாள்.

'விஜயம்மாவும் குடும்பமும், இஞ்சிவிளை.'

பொன்னப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் தேடினார். வேறொன்றும் இல்லை.

"சங்கடப்படாதீங்க அத்தான்" என்றான் சோமன். "நீங்களும் உண்டு. குடும்பத்துல உண்டு."

விஜயம்மா தன் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கம்பெனிக்காரனுக்கு அவள் கையெழுத்து நினைவிருந்திருக்கிறதே! துவர்த்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பன்னிரண்டும் போகட்டு. மக்கா, இன்னும் ஒருக்கப் போடு."

நந்தனா போட்டாள். பிறகு வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு ஷியாமளாவுக்காக ஒரு தடவை. அப்புறம் ஷியாமளா கூட்டிவந்தவர்களுக்காக.

நாலு மணிக்கு விஜயம்மா பழம்பொரி சுட்டுத் தட்டோடு தோட்டத்துக்கே கொண்டுவந்தாள். சொன்ன சொல் தவறாதவள், பேர் வந்ததே! முதல் பழம்பொரி பொன்னப்பனுக்குத்தான். அதை அவர் கையில் பிடித்தபடி நிற்க, ஒன்பதாவது தடவையாகப் பட்டியல் ஓட ஆரம்பித்தது.

அவர் மகளின் காதோரம் குனிந்தார். "மக்கா, இதுல அந்த ஸ்கிப்பு எங்க இருக்கு?"