அசையாமல் உட்காருங்கள்

ஊரில் உள்ளவர்களையெல்லாம் உட்கார வைப்பவனுக்குத் தான் உட்காரத் தெரியாது. ஹெஸல் பத்தொன்பது வருடமாக நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் சக்கர நாற்காலிகளுக்கு இருக்கையும் முதுகுத் தாங்கியும் செய்கிறான். வளைந்த முதுகு, சரிந்த இடுப்பு, ஒரு பக்கமாகவே சாய்ந்து வளர்ந்த பிள்ளை, யார் வந்தாலும் அளவெடுத்து, வெட்டி, ஒட்டி, ஏற்றி இறக்கத் திருகு வைத்து நிமிர்த்திவிடுவான். ஆனால் தன் ரொட்டியை நின்றுகொண்டேதான் தின்பான். தொலைபேசி வந்தால் பட்டறையைச் சுற்றிச் சுற்றி வந்துதான் பேசுவான். விருந்துக்குப் போகும் வீடுகளில் அவன் மனைவி முன்கூட்டியே சொல்லிவிடுவாள், இவருக்கு நாற்காலி போட்டு இடத்தை அடைக்க வேண்டாம் என்று.

அந்த வியாழக்கிழமை காலை அவன் வழக்கத்தைவிட அதிகமாகவே சுற்றிக்கொண்டிருந்தான். தொலைபேசியில், அவன் புதிதாக நாற்காலி செய்துகொடுத்த ரின்ஸ்கே.

"சிவந்திருக்காம். ரெண்டு பக்கமும். காலையில நர்ஸ் பாத்துட்டுச் சொன்னா."

"அமுக்கிப் பாத்தாங்களா?"

"பாத்தா. வெளுக்குதாம், ஆனா யோசிச்சு யோசிச்சு வெளுக்குதாம். திங்கக்கிழமை மறுபடி வந்து பாப்பா. அன்னிக்கு வெளுக்கலேன்னா நான் குப்புறப் படுக்கணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "இதுல உக்காந்தா இனிமே புண்ணே வராதுன்னு ஒருத்தர் சொன்னாரே, அவர் இருக்காரா?"

சொன்னது அவன்தான். அந்த ஒருத்தர் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

ரின்ஸ்கே வார்டஸைல் என்ற ஊரில் கால்வாய்ப் பாலத்தைத் திறந்து மூடுபவள். ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருடம் முன்பு பந்தயப் படகின் பாய்மரத்திலிருந்து விழுந்தாள். அதிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. உணர்வு இல்லாத இடத்தில் புண் வந்தால் வலிக்காது. வலிக்காததால் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அமுக்கி எடுத்தால், வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் உள்ளே சதை கெடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். போன குளிர்காலத்தில் அவளுடைய இடது உட்காரும் எலும்பின் மேல் அப்படித்தான் ஆனது. பதினான்கு வாரம் குப்புறக் கிடந்தாள்.

அவள் குப்புறக் கிடந்த நேரம் பார்த்து நகராட்சி பாலத்தருகே கம்பம் நட்டு இரண்டு கேமராவை மாட்டிவிட்டது. எங்கோ இருக்கும் ஓர் அறையிலிருந்து யாரோ ஒருவன் காப்பி குடித்துக்கொண்டே பொத்தானை அமுக்கி இந்தப் பாலத்தைத் திறப்பதாகத் திட்டம். இந்த மே விடுமுறை இரண்டு வாரமும் ரின்ஸ்கே முழுதாக வேலை பார்த்தால் பாலம் அவளுக்கு. ஒரு நாள் படுத்தாலும் கேமராவுக்கு. கடிதத்தில் இதை மிகவும் மரியாதையான வார்த்தைகளில் எழுதியிருந்தார்கள்.

வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது ஹெஸலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கே தப்பு? இவ்வளவு ஆசையாக அவன் ஓர் இருக்கையும் செய்ததில்லை. அளவெடுக்கும் நாற்காலியில் அவளை ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தான். பழைய நாற்காலியின் துணி தொய்ந்து, இடுப்பு இடது பக்கம் சரிந்து, பாரமெல்லாம் அந்த ஓர் எலும்பின் மேல் விழுந்ததைக் கண்டுபிடித்தான். மெத்தையைச் சரிசமமாக்கினான். அவள் வலது பக்கம் சாயாமலிருக்க விலாவை ஒட்டிக் கெட்டியான ஒரு பக்கத் தாங்கி வைத்தான். தன்னை யாரும் தள்ளினால் பிடிக்காது என்று அவள் சொன்னதால், பின்னால் தள்ளும் கைப்பிடி இரண்டையும் அறுத்தே எடுத்துவிட்டான். அதில் அவனுக்குத் தனிப் பெருமை. கடைசியில், அழுத்தம் அதிகமான இடத்தைச் சிவப்பாகக் காட்டும் விரிப்பை அவளுக்கு அடியில் போட்டு, அசையாமல் உட்காருங்கள், அசையாமல் உட்காருங்கள் என்று பத்துத் தரமாவது சொல்லிப் படம் எடுத்தான். கணினித் திரையில் ஒரு துளி சிவப்பு இல்லை. எல்லாம் பச்சை. அந்தப் படத்தை அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டியிருந்தான்.

வார்டஸைலில் அவன் போய் இறங்கியபோது பாலத்தின் பலகை மேலே தூக்கியிருந்தது. இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. ரின்ஸ்கே கரையோரத்தில், அவன் செய்த நாற்காலியில், சுவரில் மாட்டிய ராணி படம் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கையில் தூண்டில் கம்பு. கம்பின் நுனியில் கயிறு, கயிற்றில் ஒரு மரச்செருப்பு. பாலம் மின்சாரத்தில் ஏறி இறங்கினாலும் படகுக்காரர்களிடம் காசு வாங்குவது இன்னும் அந்தச் செருப்பில்தான். செருப்பைப் படகின் மேல் வீசிக் காட்ட வேண்டும். படகு நிற்காது. போகிற போக்கில் காசைப் போடுவார்கள்.

அவள் வீசினாள். கை மட்டும் போனது, உடம்பு போகவில்லை. செருப்பு படகுக்கு ஒரு முழம் இந்தப் பக்கமே தண்ணீரில் விழுந்தது. படகுக்காரன் காசைக் காட்டினான், சிரித்தான், போய்விட்டான்.

"பாத்தியா? மூணு நாளா மீனுக்குத்தான் செருப்பு மாட்டிவிட்டுட்டு இருக்கேன்," என்றாள் ரின்ஸ்கே. "அந்தக் கேமராவும் பாத்துட்டுத்தான் இருக்கு."

ஹெஸலுக்கு முகம் தொங்கிவிட்டது. செருப்பைப் பற்றி அவள் பட்டறையில் ஒன்றுமே சொல்லவில்லையே என்று கேட்டான். நீ கேட்டால்தானே சொல்வதற்கு என்றாள் அவள். எத்தனை மணி நேரம் உட்காருவீர்கள் என்று கேட்டானாம், எங்கே வலிக்கும் என்று கேட்டானாம், உட்கார்ந்துகொண்டு என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்கவில்லையாம். அது உண்மைதான். அவனிடம் இருந்த படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை.

சரி, செருப்புக் கதை பிறகு, முதலில் சிவப்பைப் பார்ப்போம் என்று விரிப்பை எடுத்து அவளுக்கு அடியில் போட்டான். மடிக்கணினியைப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றான். எல்லாம் பச்சை. நிம்மதியாக மூச்சு விட்டான். அவள் இரண்டு படகுகளை அனுப்பினாள், இரண்டு தரமும் செருப்பை நனைத்தாள். ஹெஸல் பாலத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். திரும்பி வந்து பார்த்தால் அதே பச்சை. ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை. அரை மணி நேரம் கழித்தும் அதே படம்தான். உயிருள்ள ஒருத்தியின் படம் இப்படி இருக்கக் கூடாது என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பாரம் சரிசமமாக விழுந்தாலும், விலகவே இல்லையென்றால் சதைக்கு ரத்தம் ஏறாது.

"இதுக்கு முன்னாடி எப்படி வீசுவீங்க?"

பழைய நாற்காலி பாலத்துக் குடிசைக்குள் மழைக்கோட்டு மாட்டும் வேலைக்காக நின்றிருந்தது. அவள் அதை வெளியே இழுக்கச் சொன்னாள், கைகளை ஊன்றி அதற்கு மாறினாள். அவன் விரிப்பையும் மாற்றினான். திரையில் இடது எலும்பின் கீழே ரத்தச் சிவப்பு. அப்போது ஒரு படகு வந்தது. ரின்ஸ்கே இடது முழங்கையைப் பின்னால் கொண்டுபோய்க் தள்ளும் கைப்பிடியில் கோத்துக்கொண்டாள். அதைப் பிடிமானமாக வைத்துக்கொண்டு உடம்பு முழுவதையும் வலது பக்கமாகத் தண்ணீர் மேல் சாய்த்தாள். செருப்பு வட்டமடித்துப் போய்ப் படகுக்காரனின் மார்புக்கு நேரே நின்றது. திரையில் இடது பக்கச் சிவப்பு மொத்தமாக அணைந்து, பாரமே இல்லாத நீலமானது. அவள் நிமிர்ந்ததும் மெதுவாகத் திரும்பி வந்தது.

அடுத்த படகுக்கும் அப்படியே. அணைந்தது, திரும்பி வந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை படகு?"

"விடுமுறைன்னா நூறு, நூத்தம்பது."

"அந்தப் புண்ணு எப்ப வந்துச்சு?"

"நவம்பர்ல. உன் காகிதத்துல எழுதிக் குடுத்தேனே."

ஆமாம், எழுதியிருந்தாள். அவன் கையாலேயே அடிக்கோடும் போட்டிருந்தான். அக்டோபர் கடைசியில் படகுகள் நின்றுவிடும். பாலத்துக்கு ஐந்து மாதம் வேலை இல்லை. அந்தச் சரிந்த, தொய்ந்த, கேடுகெட்ட நாற்காலியில் கோடை முழுவதும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குள் ஜன்னல் பக்கம் சும்மா உட்கார்ந்த மூன்றாவது வாரம் சதை கெட்டிருக்கிறது. அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்தச் சாய்வு. அதைத்தான் அவன் தேடிப் பிடித்து, விலாவுக்குப் பக்கத்தில் தாங்கி வைத்துத் தடுத்து, பின்னால் கைப்பிடியையும் அறுத்து, பச்சைப் படம் எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தான்.

அவமானத்தில் அவனுக்குக் காது சுட்டது. தப்பு என்னுடையது என்று சொன்னான். தெரியும் என்றாள் அவள், பையிலிருந்து கிராம்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை எடுத்துப் பாதியை அவனுக்குக் கொடுத்தாள். அவன் நின்றுகொண்டே தின்றான்.

மெத்தையை அவன் தொடவில்லை, அது சரியாகத்தான் இருந்தது. பழைய நாற்காலியின் இடது கைப்பிடிக் குழாயை அறுத்துப் புதிய முதுகுத் தாங்கியின் பின்னால் பட்டை போட்டு இறுக்கினான். இடது மட்டும்தான். வலதிலும் வைத்தால் யாராவது தள்ள வருவார்கள் என்று அவளே தடுத்துவிட்டாள். பிறகு வலது பக்கத் தாங்கியைக் கழற்றினான். பள்ளிப் பிள்ளைகளின் நாற்காலிக்காக வண்டியில் வைத்திருந்த ஒரு கீலையும் சுருள்வில்லையும் அதற்குப் பின்னால் பொருத்தினான். சாயும்போது தாங்கி விட்டுக்கொடுக்க வேண்டும், நிமிரும்போது கூடவே வந்து விலாவைப் பிடிக்க வேண்டும். எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதை ஒரு திருகு முடிவு செய்யும்.

முதலில் திருகு அதிகம் இறுகிவிட்டது. வில் அவளை எட்டித் தள்ளியது, செருப்பு பறந்து போய்ப் படகுக்காரியின் நாய் மேல் விழுந்தது. தளர்த்தினான். இப்போது தாங்கி ஒரேயடியாக விலகிவிட, அவள் தண்ணீரைப் பார்த்துச் சரிந்தாள். அவன் பாய்ந்து கோட்டின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தான். இருவருக்கும் மூச்சு வாங்கியது. அவள் சொன்ன வார்த்தையை அச்சில் போட முடியாது. ஹெஸல் மண்டியிட்டு மறுபடி திருகைப் பிடித்தான். பழக்க தோஷம், வாயில் தானாகவே வந்தது.

"அசையாம உக்காருங்க."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ரின்ஸ்கே கயிற்றை இழுத்துச் செருப்பைக் கையில் பிடித்தாள்.

"அதை இன்னொரு தரம் சொல்லு, செருப்பு எங்க வந்து விழும்னு காட்டறேன்."

நாலாவது தரத்தில் சரியாக வந்தது. திருகைத் தன் கைக்கு எட்டும்படி முன்பக்கம் திருப்பி வைக்கச் சொன்னாள். காற்று அடிக்கும் நாளில் ஒரு மாதிரி வேண்டும், அடிக்காத நாளில் வேறு மாதிரி வேண்டும் என்றாள். செய்துகொடுத்தான். ஆனால் இரண்டு பக்கமும் ஏற்கெனவே சிவந்திருந்ததே, அதற்கு அவனிடம் திருகு இல்லை. இன்னும் நாலு நாள் அவள் இதில்தான் உட்கார வேண்டும். நாலு நாளில் ஆறவும் செய்யலாம், கெடவும் செய்யலாம்.

அந்த நாலு நாளில் ஹெஸல் தின்ற ரொட்டி உடம்பில் ஒட்டவில்லை. சனிக்கிழமை ஒரு சாக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு சாக்கு என்று வார்டஸைலுக்குப் போய் நின்றான். காலில் சக்கரம் கட்டியிருப்பது யார் என்று ரின்ஸ்கே படகுக்காரர்களிடம் அவனைக் காட்டிக் கேட்டாள். அவள் சிரித்தாலும், படகு இல்லாத நேரத்தில் அந்தக் கேமராக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரிந்தது. ஞாயிறன்று மழை பெய்து ஒரு மணி நேரம் படகே வரவில்லை. அப்போது அவள் கம்பை வைத்துக்கொண்டு, கால்வாயில் யாரும் இல்லாமலே, சாய்ந்து சாய்ந்து செருப்பை வீசிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நர்ஸ் டினேகே சைக்கிளில் வந்தாள். குடிசைக்குள் ஒரு கட்டில் உண்டு. ரின்ஸ்கேயை அதில் குப்புறப் படுக்க வைக்கிற நேரம் பார்த்துக் கால்வாயில் ஊதல் சத்தம். உள்ளே படுத்தபடியே அவள் கையை எட்டிப் பொத்தானை அமுக்கினாள். மணி அடித்தது, கார்கள் நின்றன, பலகை ஏறியது.

"ஹெஸல், செருப்பைப் புடி," என்று உள்ளிருந்து குரல் வந்தது. கதவு சாத்திக்கொண்டது.

பத்தொன்பது வருடம் பட்டறையில் கை தேர்ந்தவன்தான். கம்பைப் பிடித்து வீசினான். செருப்பு முதலில் அவன் காதிலேயே அடித்தது. இரண்டாவது வீச்சில் படகுக்காரனின் காப்பிக் கோப்பையைத் தட்டிவிட்டது. காப்பி போன வருத்தத்தில் அந்த மனுஷன், கேமராவே பரவாயில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காசு போடாமல் போனான். ஹெஸலின் கண் கதவின் மேல் இருந்தது. அமுக்க ஒரு விரல் போதும், மூன்று வரை எண்ணினால் தெரிந்துவிடும். இவ்வளவு நேரம் ஏன் ஆகிறது?

கதவு திறந்தது. முதலில் டினேகே வந்தாள், சைக்கிளை எடுத்தாள். பிறகு நாற்காலி வந்தது. ரின்ஸ்கேயின் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. தூரத்தில் அடுத்த பாய்மரம் தெரிந்தது.

"வலது பக்கம் உடனே வெளுத்துடுச்சாம்," என்றாள்.

"இடது?"

அவள் அவன் கையிலிருந்து கம்பை வாங்கிக்கொண்டாள். முழங்கையைக் கைப்பிடியில் கோத்தாள். திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினாள், காற்று கொஞ்சம் இருந்தது.

"அமுக்கிப் பாக்க சிவப்பே இல்லயாம்."

படகு வந்தது. அவள் சாய்ந்தாள், தாங்கி விட்டுக்கொடுத்தது. செருப்பில் காசு விழுந்தது, அவள் நிமிர்ந்தாள், தாங்கியும் கூடவே வந்தது. கரையோரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. ஹெஸல் அதில் போய் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு மூன்று படகுகள் போயின, அவன் எழுந்திருக்கவில்லை.