கணக்கு வேண்டாம்

மயிலிட்டித் துறைமுகத்தில் வெயில் ஏறிவிட்டது. கனகரத்தினத்தின் மீன்வாடியில் பெண்கள் வலையைச் சுற்றியிருந்து சூடை மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லாருடைய கையிலும் செதிலும் இரத்தமும். அதனால் கூரையைத் தாங்கும் கப்பில் தொங்குகிற போனுக்கு ஏதும் செய்தி வந்தால், தராசடியில் நிற்கும் லெனாட் உரக்க வாசித்து, விலைப்பலகையில் எழுதியும் வைப்பார். வியாபாரிகள் மீன் விலையை அதில்தான் அனுப்புவார்கள். போன் உதயகலாவின் புருசன் பார்த்தீபனுடையது. வீட்டுக்கும் படகுக்கும் அது ஒன்றுதான். கரைக்கு வந்ததும் கப்பில் கொழுவிவிட்டு அவன் நித்திரைக்குப் போய்விடுவான்.

போன் சிணுங்கியது. லெனாட் எடுத்தார்.

"வணக்கம் உதயகலா," என்று விலை வாசிக்கிற அதே குரலில் தொடங்கினார். "நீங்கள் வாங்கிய பெரியவர்களுக்கான பம்பர்ஸ் முடிந்திருக்கும். உங்கள் கணக்குக்குள் வந்து மீண்டும்..." அங்கேதான் அவருக்கு விளங்கியது. நிறுத்திவிட்டார்.

ஒருத்தி சிரித்தாள். "ஆருக்கடி? உன்ரை மாமி செத்து எவ்வளவு காலம்."

உதயகலா நிமிரவில்லை. கடைக்குட்டி பிறந்ததிலிருந்து இருமினாலும் கூடை தூக்கினாலும் அவளுக்குச் சிறுநீர் கசியும். அந்தப் பம்பர்ஸ் இருந்தபடியால்தான் விடிய வந்து மத்தியானம் வரை வலையடியில் இருக்க முடிந்தது. புருசனுக்குக்கூட அவள் சொல்லவில்லை. கடைக்காரன் கணித்தது சரிதான், நேற்றோடு முடிந்துவிட்டது. இன்றைக்குத் துணி மடித்து வைத்திருந்தாள்.

கனகரத்தினம் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"பிள்ளை, குறை நினையாதை. தின்னுற சாமான். வாங்கிற சனம் அருவருக்கும். நீ கொஞ்ச நாளைக்கு வீட்டை நில்லன்."

"வருத்தம் எனக்கு, மீனுக்கில்லை அண்ணை."

அவர் ஐஸ் பெட்டியை மூடுவதில் மும்முரமாக இருந்தார்.

கைகூடக் கழுவாமல் சந்தியில் இருந்த வித்தியாவின் கொமினிகேசன் கடைக்கு நடந்தாள். போன மாதம் அங்கேயிருந்துதான் ஒன்லைனில் சாமானுக்குச் சொன்னது.

"நீதானே கணக்கு வேண்டாமெண்டு அமத்தினனி?"

"ஓம் அக்கா. 'கணக்கில்லாமல் வாங்க' எண்டதைத்தான் அமத்தினனான். நீங்களும் பக்கத்திலை நிண்டு பாத்தனீங்கள். போன் நம்பர், சாமான் கொண்டுவாற ஆளுக்கு மட்டும் எண்டுதானே போட்டுக் கிடந்தது."

வித்தியா தன் போனில் கொழும்புக் கடைக்கு எடுத்துக் கொடுத்தாள். மறுமுனையில் ஒரு பெடியன், தேன் தடவிய குரல்.

"உங்கள் வசதிக்காக நாங்களே ஒரு கணக்குத் திறந்திருக்கிறோம் மேடம்."

"நான் கேட்டனானே?"

"எல்லா வாடிக்கையாளருக்கும் அப்படித்தான்..."

"அப்ப வேணுமோ வேண்டாமோ எண்டு ஏன் கேட்டனீங்கள்? வேண்டாமெண்டால் விடுறதுக்குத்தானே கேக்கிறது. எங்களிட்டை மீன் வாங்கிற ஆள் இண்டைக்கு என்ன கறி எண்டு நாங்கள் ஊரெல்லாம் கூவிக்கொண்டு திரியிறேல்லை. உங்கடை வசதியாலை எனக்கு வேலை போயிட்டுது. விளங்குதோ?"

வித்தியா அவள் தோளைத் தொட்டாள். உதயகலா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"மன்னிக்கவும் மேடம். கணக்கை மூடலாம். அதற்கு ஓர் இலக்கம் அனுப்பியிருக்கிறேன். அதைச் சொன்னால் போதும்."

"எங்கை அனுப்பினனீர்?"

"உங்கள் போனுக்குத்தான் மேடம்."

உதயகலா போனை மேசையில் போட்டுவிட்டு வாடிக்கு ஓடினாள். ஓட ஓடத் துணி நனைந்தது. பாவாடை கால்களில் ஒட்டியது. மானம் போனபிறகு என்னத்தைப் பார்க்கிறது என்று நிற்காமல் ஓடினாள்.

வாடி வாசலில் லெனாட் எதிரே வந்தார். முகத்தில் உண்மையான கவலை.

"தங்கச்சி, இந்தமுறை நான் சத்தமா வாசிக்கேல்லை, ஆணையா. மறந்துபோகாமல் எழுதி வைச்சிருக்கிறன்."

அவள் இருந்த சாக்கில் வேறொருத்தி இருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தாள். விலைப்பலகையில் சூடை, பாரை, நண்டு. அதற்குக் கீழே லெனாட்டின் அழகான கையெழுத்தில், 'உதயகலா, பம்பர்ஸ் கணக்கு மூட', பக்கத்தில் அந்த இலக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரண்டு வியாபாரிகள் பலகைக்கு முன்னால் நின்று, மேலேயிருந்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தார்கள்.