மூன்று கொட்டேஷனும் ஒரு படகும்

மூன்று கொட்டேஷன் இல்லாமல் மணவாளனுக்கு எதையும் வாங்க வராது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வார்ப்பட ஆலையின் பர்ச்சேஸ் பிரிவில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறான். பேரிங் முதல் கக்கூஸ் கழுவும் ஆசிட் வரை எதுவானாலும் மூன்று பேரிடம் விலை கேட்பான், கட்டம் போடுவான், குறைந்த விலைக்காரனுக்கு எல்-ஒன் என்று பெயர் வைத்து வட்டமிடுவான். அந்தப் புத்தியை ஆலை வாசலோடு கழற்றி வைத்துவிட்டு வருகிற ஆளா என்றால், இல்லை. தன் கல்யாணத்துக்கு மேளம் பேசும்போதே மூன்று செட்டுக்காரர்களிடம் விலை கேட்டு மாமனாரைத் தலையில் கைவைக்கச் செய்தவன்.

அவன் மனைவி பூமிகா இன்னொரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். அவளுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் லீவு விழுவது ஆறு வாரத்துக்கு ஒரு ஞாயிறுதான். அப்படி ஒரு ஞாயிறு வரப்போகிறது என்பதால் புதன்கிழமை டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, என் படகு கேம்ல ரெண்டாவது பார்ட் வந்துகீது. இதுல ரெண்டு பேரா ஆடலாம். ஞாயித்துக்கெழமக்கு வாங்கி வைக்கிறியா?"

"வாங்கிட்டா போச்சு."

"கொட்டேஷன் கேக்காம வாங்கு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மூன்று வருடமாகத் தன் லேப்டாப்பில் அந்தப் படகு விளையாட்டில் ஆற்றோடு சரக்கு ஏற்றிப் போய்க்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறாள். "இந்த ஒரு மெயில் மட்டும் போட்டுக்கினு வரேன்" என்பான். அந்த மெயில் முடிந்தால் அடுத்த மெயில். அது தப்பு என்று அவனுக்கும் தெரியும். இந்த ஒரு ஞாயிற்றையாவது அவளுக்கு முழுசாகக் கொடுத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் சத்தியமே செய்திருந்தான்.

சனிக்கிழமை ஆலையில் ஒரு சின்னத் தகராறு. ஸ்டோர்ஸ் பார்க்கும் சின்னதுரை, வந்திறங்கிய வால்வுகளை உள்ளே எடுக்க மாட்டேன் என்று நின்றார்.

"பம்ப் ஹவுஸ்காரன் கையெழுத்து எங்க? கேட்டவன்கிட்ட காட்டி ஓகே வாங்காம இன்னாத்துக்கு வாங்குன?"

"எல்-ஒன் அண்ணா. விலை எவ்ளோ கம்மி தெரியுமா?"

"கம்மியா வாங்கி உன் ஊட்ல வெச்சுக்கோ."

முணுமுணுத்துக்கொண்டே போய்க் கையெழுத்து வாங்கி வந்தான். அதிலேயே பொழுது போய்விட்டது.

சாயங்காலம் அத்திப்பட்டுக்குத் திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் போனை எடுத்தான். அந்த விளையாட்டை மூன்று ஆன்லைன் கடைகளில் விற்றார்கள். பூமிகா முதல் பாகம் வாங்கியிருந்த நீல நிறக் கடையில் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. சாம்பல் நிறக் கடையில் ஆயிரத்து நூற்றைம்பது. கறுப்புக் கடையில் புது வாடிக்கையாளர் கூப்பன் போக எண்ணூற்று எழுபது. கவரைப்பேட்டை வருவதற்குள் கட்டம் போட்டு முடித்துவிட்டான்.

தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. நீலக் கடையின் உதவிப் பக்கத்தில் போய், போட்டிக் கடைக்காரர் எண்ணூற்று எழுபதுக்குத் தருகிறார், தங்கள் கடைசி விலை என்ன என்று மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டான். பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமா என்று பதில் வந்தது. மறுபடி கேட்டான். மறுபடியும் பாஸ்வேர்டு. பேரத்துக்கு இறங்காதவனோடு மணவாளனுக்கு ஒத்துவராது. மீஞ்சூர் தாண்டுவதற்குள் கறுப்புக் கடையில் பணம் கட்டிவிட்டு, நானூற்றுச் சொச்சம் மிச்சம் பிடித்த தெம்போடு இறங்கினான்.

ஞாயிறு காலை பூமிகா தலைக்குக் குளித்துவிட்டு வந்து லேப்டாப்பை டிவியோடு இணைத்தாள். டிவிக்கு முன்னால் இரண்டு ஜாய்ஸ்டிக். ஒன்று பழசு. இன்னொன்று பிரிக்காத அட்டைப்பெட்டியோடு புத்தம் புதுசு. எப்போது வாங்கினாளோ, சொல்லவே இல்லை.

மணவாளன் ராத்திரியே இறக்கி வைத்திருந்த விளையாட்டு திறந்தது. புதிய படகு ஒன்றைக் கட்டுங்கள் என்றது.

"என் படகு எங்க?" என்றாள்.

"எந்தப் படகு?"

"மொத பார்ட்ல வெச்சிருந்தேனே, அது. நீ எந்தக் கடையில வாங்குன?"

சொன்னான். விலையையும் சேர்த்தே சொன்னான். அவள் கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கை மெதுவாகக் கீழே வைத்தாள். முதல் பாகம் வாங்கிய கடையிலேயே இரண்டாவதும் வாங்கினால்தான் பழைய படகு கூட வரும். அதை அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"பரவால்ல மாமா. புதுசாவே ஆடலாம்."

அவள் திட்டியிருந்தால் மணவாளன் சமாளித்திருப்பான். இந்தப் பரவாயில்லையைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

"அந்தப் படகுல அப்புடி இன்னா கீது? காட்டேன்."

முதல் பாகத்தைத் திறந்தாள். மஞ்சள் பெயின்ட் அடித்த சின்னப் படகு. முன்னால் ஒரு பெண் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். பின் இருக்கையில் நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த மாதிரிச் சட்டை மணவாளனிடம் இரண்டு இருக்கிறது. சட்டைக்காரனின் தலைக்கு மேல் சின்ன எழுத்தில் மணவாளன் என்று எழுதியிருந்தது.

"ஏன் தூங்கினே வரான்?"

"இதுல அவனுக்கு வேல கெடையாது. சும்மா உக்காந்துக்கினு வருவான். ரெண்டாவது பார்ட்லதான் அவன் கைக்குத் துடுப்பு வரும். இன்னொரு ஆளு ஜாய்ஸ்டிக்கப் புடிக்கணும்."

மணவாளனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று வருடமாகத் தன்னைத் தூங்கவைத்துக்கொண்டே இவள் தனியாகத் துடுப்புப் போட்டிருக்கிறாள், அவன் என்னடாவென்றால் எல்-ஒன் பார்த்திருக்கிறான். சின்னதுரை நேற்று கேட்டது இப்போதுதான் சரியாக உறைத்தது.

போனை எடுத்தான். கறுப்புக் கடைக்கு, பொருள் பயன்படுத்துவோரின் தேவைக்குப் பொருந்தாததால் நிராகரிக்கப்படுகிறது, தொகையைத் திருப்பி அனுப்பவும் என்று முறைப்படி ஒரு பக்கத்துக்குக் கடிதம் அடித்தான். அதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. பணம் திரும்பிவிடும் என்று மூன்றே நிமிடத்தில் பதில் வந்தது. அடுத்த நிமிடம் நீலக் கடையில் முழு விலைக்கு வாங்கினான். ஆயுளில் முதல் தடவையாகப் பேரம் பேசவில்லை.

அது இறங்கி முடிய நான்கு மணி நேரம் ஆகும் என்றது. பிரியாணி வாங்கி வந்து சாப்பிட்டார்கள். அவன் போனில் அந்த விலைக் கட்டத்தைப் பார்த்துவிட்டு பூமிகா சீண்டினாள்.

"எல்-ஒன்ன வுட்டுட்டு எச்சா குடுத்து வாங்கிக்கீறியே, உங்க ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?"

"காரணம் எழுதிட்டா ஒத்துக்குவாங்க."

"எழுது பாப்போம்."

கொஞ்சம் யோசித்துவிட்டு, கடைசிக் கட்டத்தில் 'ஆள் ஏற்கெனவே படகில் இருக்கிறார்' என்று எழுதி அவளிடம் நீட்டினான். அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு அதற்குக் கீழே 'ஓகே, பூமிகா' என்று தட்டினாள்.

மூன்று மணிக்கு மஞ்சள் படகு புது ஆற்றில் இறங்கியது. அட்டைப்பெட்டியைப் பிரித்துப் புது ஜாய்ஸ்டிக்கை அவன் கையில் கொடுத்து, எந்தப் பொத்தான் என்று காட்டினாள். அமுக்கினான். நீலக் கட்டச் சட்டைக்காரன் தலையை நிமிர்த்திக் கண்ணைக் கசக்கினான், காலடியில் கிடந்த துடுப்பை எடுத்தான்.

"எழுந்துக்கினியா மாமா," என்றாள் பூமிகா. சிரித்துக்கொண்டே தன் ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டாள்.

ஆபீஸிலிருந்து இரண்டு மெயில் வந்த சத்தம் கேட்டது. மணவாளன் திரும்பவில்லை. அவன் தப்பான பக்கம் துடுப்புப் போட்டதில் படகு நின்ற இடத்திலேயே மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தது.