மாமா முறை

சட்டம் படிக்கும் தூமா, எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்காக மூடப்பட்ட பள்ளிக்கூடங்களைப் பற்றிக் குலப்பெயரோடு இணையத்தில் எழுதியிருந்தாள். மறுநாளே இந்தோனேசியாவின் மேடான் நகரிலிருந்த அவள் வீட்டுக்குச் சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் வந்தார். படாக் இன வழக்கப்படி, ஹுத்தாபாரத் குலத்தவரான அப்பா முதலில் அவர் குலத்தைக் கேட்டார்.

"மானுருங்."

"என் மனைவியும் மானுருங்தான்," என்றார் அப்பா. அப்படியானால் வந்தவர் தூமாவுக்கு மாமா முறை. பெண் கொடுத்த குலத்தார் பேச்சை அவர் பரம்பரையில் எவரும் தட்டியதில்லை.

"அப்ப நான் மாமாவா? எழுதினதை எடுத்துடு மருமகளே," என்று வந்தவர் காபியை ஊதியபடி சிரித்தார். "அடுத்து வர்றவன் உறவெல்லாம் பார்க்க மாட்டான்."

தூமா அப்பாவைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க மச்சான்," என்று அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுல எங்க குலப்பேர் இருக்கு. பொய்யா இருந்தாத்தான் எடுக்கணும்."