சாமான்

“ஆயுதம்” என்று நான் மொழிபெயர்த்ததும் பாஸ்கரன் கையைக் காட்டித் தடுத்தான்.

“அத்தான், ஆயுதம் கீயுதம் எண்டு பேப்பர் வாசிக்கிற மாதிரிச் சொல்லாதேங்கோ. சாமான் எண்டு சொல்லுங்கோ. அக்காவுக்கு அப்பதான் விளங்கும்.”

படம் கொரிய மொழியில் ஓடிக்கொண்டிருந்தது, கீழே ஆங்கில எழுத்து. என் மனைவி மரியநாயகியால் அந்த வேகத்துக்கு வாசிக்க ஏலாது என்பதால் வரிக்கு வரி தமிழில் சொல்வது என் வேலை. 2009 மே மாதத்துச் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டு முன்னறை. வெயில் படாமல் திரைச்சீலையை இழுத்து மூடியவனும் பாஸ்கரன்தான். மரியநாயகியின் தம்பி. டூட்டிங்கில் கடை வைத்திருக்கிறான். போரை நிறுத்தச் சொல்லிப் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு முன்னால் ஒரு மாதமாகக் கத்தியதில் அவனுடைய தொண்டை கட்டிப்போயிருந்தது. அங்கேதான் யாரோ இந்த டிவிடியைக் கையில் வைத்து, கட்டாயம் பார் என்றிருக்கிறார்கள்.

இவர்களுடைய தங்கை சுசிலா, கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் முள்ளிவாய்க்காலில் இருந்தாள். கடைசியாக அவள் பேசிப் பதினேழு நாட்கள். “பங்கருக்குள்ள இருக்கிறம் அக்கா” என்றாள், வைத்துவிட்டாள். அன்றிலிருந்து மரியநாயகி தொலைபேசியை மடியில் வைத்தபடியே சாப்பிட்டாள், குளியலறைக்கும் கொண்டுபோனாள்.

நான் செய்யக்கூடியது கடிதம் எழுதுவது. எம்.பி.க்கு, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு, ஆயருக்கு என்று அந்த வருடம் மட்டும் முப்பத்தொன்று. யாருக்கு எழுதினாலும் மேல்மூலையில் வரிசை இலக்கமும் திகதியும், அடியில் என் விலாசமும் தொலைபேசி எண்ணும். இளவாலைப் பள்ளிக்கூடத்தில் படிந்த பழக்கம். நான்கு பதில்கள் வந்தன. நான்கிலும் நிலைமையைக் கவலையோடு அவதானித்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் ஒரு சின்ன நாடு. எல்லையில் பெரிய படை. மலைக்குள் ஒளித்துவைத்த பட்டறையில் ஒரு கடதாசிக்காரன் தாளைக் குழாயாகச் சுருட்டுகிறான். அதற்குள் வெடிமருந்தை அடைத்து அம்பில் கட்ட வேண்டும். பாதியில் கடதாசி தீர்ந்துபோகிறது. அரண்மனை எழுதுவினைஞன் ஒருவன் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொட்டுகிறான். குடிமக்கள் அரசனுக்கு எழுதிய மனுக்கள், அரசன் பிரித்தும் பார்க்காதவை. கடதாசிக்காரன் ஒன்றை எடுத்து ஒருகணம் வாசிக்கிறான், பிறகு சுருட்டுகிறான்.

“என்னவாம்?” என்று மரியநாயகி கேட்டபோதுதான் நான் சொல்லாமல் விட்டது தெரிந்தது.

“கடதாசி காணாதாம்.”

“பாத்தீங்களே அக்கா, கடைசி வரைக்கும் ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்” என்றான் பாஸ்கரன். “எங்கட ஆக்களிட்டயும் அப்பிடிச் சாமான் ஒண்டு இருக்கு. இல்லாட்டி சும்மாவே ஆமியை இவ்வளவு தூரம் உள்ள வர விட்டவங்கள்?”

“அப்ப ஏன்ரா இன்னும் எடுக்கேல்ல?”

“அதுக்கு நேரம் வரவேணும்.”

“சுசிலான்ர பிள்ளையளுக்கு இன்னும் நேரம் வரேல்லையோ?”

அவன் படத்தின் சத்தத்தைக் கூட்டினான். அவனுடைய வலது கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகும் பஸ்ஸில், மேல்தட்டில் தனியே இருக்கும்போது, அந்த ஒன்றைப் பற்றி நானும் யோசித்திருக்கிறேன். எங்கே வைத்திருப்பார்கள், எத்தனை இருக்கும் என்று.

கடைசிப் போர். வண்டிகளில் அடுக்கிய அம்புகளின் வாலில் நெருப்பு வைக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் எழும்பி வானத்தை மூடுகின்றன. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. பாஸ்கரன் படத்தை நிறுத்தினான்.

“ஹலோ… ஓம்… வவுனியாவோ?” மரியநாயகி எழும்பிவிட்டாள். “கேக்கேல்ல, பலமாச் சொல்லுங்கோ… சாமான் வந்திருக்கோ?”

“வந்திட்டுதோ!” பாஸ்கரன் துள்ளி எழுந்தான். “நான் சொன்னனான் அல்லே! அத்தான், நான் சொன்னனான் அல்லே!” என்னைக் கட்டிப்பிடித்தான். மறுகையால் தன் கைபேசியில் யாருக்கோ எண்ணை அழுத்தினான். நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட ஏலாது.

மரியநாயகி சிரிக்கவில்லை. தொலைபேசியை என்னிடம் நீட்டினாள்.

மறுமுனையில் ஒரு கன்னியாஸ்திரி. “உங்கட ஆக்களின்ர சாமான் எங்களிட்ட வந்திருக்கு ஐயா. நீலப் பை ஒண்டு. காயப்பட்ட ஆக்களோட வந்த ஆரோ வைச்சிட்டுப் போட்டினம். உள்ளுக்க இருந்த கடிதத்தில இந்த நம்பர் இருந்தது.”

“எத்தினையாம் இலக்கக் கடிதம்?” என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேனோ.

தாள்கள் புரளும் சத்தம். “நாலிலயிருந்து பதினொண்டு வரைக்கும் இருக்கு. பிள்ளையளின்ர உடுப்பும் கொஞ்சம்.”

கிளிநொச்சிக்குத் தபால் போன காலத்தில் நான் சுசிலாவுக்கு எழுதியவை.

“ஆக்கள், மதர்?”

“சாமான் மட்டும்தான் ஐயா.” பிறகு இரைச்சல். பிறகு அதுவும் இல்லை.

பாஸ்கரன் என் முகத்தைப் பார்த்தபடி நின்றான். அவனுடைய கைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது: “ஹலோ, சொல்லு மச்சான், என்ன வந்திட்டுது? ஹலோ?” அவனால் அதை நிறுத்தவும் முடியவில்லை, காதில் வைக்கவும் முடியவில்லை.

“சாமான் ஆர் கொண்டந்ததாம்? பொம்பிளையோ ஆம்பிளையோ?” என்றாள் மரியநாயகி. “கேட்டனீங்களே?”

நான் கேட்டது இலக்கம்.

தொலைக்காட்சியை அணைக்க ரிமோட்டை எடுத்தேன்.

“விடுங்கோ” என்றாள். “அப்பிடியே நிக்கட்டும்.”

திரையில் அம்புகள் நடுவானில் நின்றன, வாலில் நெருப்போடு. ஒவ்வொன்றிலும் சுருட்டிய கடதாசி. கீழே, வயலின் ஓரத்தில், யாரோ ஒருவன் கண்ணுக்குக் கையை மறைப்பாக வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.