சுவரில் வரைந்த மீன்

பக்கவாதம் வந்து எட்டு மாதத்தில் அண்ணனுக்குத் திரும்பி வந்த சொற்கள் நான்கு. தண்ணி, வலி, வேண்டாம், ஓசி. நான்காவது நான்.

நலம் விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் அண்ணி இதைச் சொல்லிப் பூரித்துப்போவாள். "பெத்த புள்ள பேரு வரல, என் பேரு வரல. தம்பியக் கூப்பிடறது மட்டும் எப்படி வருது பாருங்க. அவ்வளவு பாசம்." வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நான் அவர்களுக்குத் தேநீர் கொண்டுவந்து வைப்பேன்.

அந்தப் பெயரை அவர் எனக்கு வைத்தது என் பன்னிரண்டாவது வயதில். அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட, பதினைந்து வயது மூத்தவரான அண்ணன் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். இரண்டாவது வாரம், விருந்தாளிகள் உட்கார்ந்திருந்த மேசையில், நான் தட்டை இரண்டாம் முறை நீட்டினேன். "நம்ம ஓசிக்குப் பசி கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அதோடு ஒட்டிக்கொண்டது. என் கல்யாணத்தன்று மாமனாரிடம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைக் காட்டினார். இன்று நான் தபால் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். ஏரியில் படகு விடுகிறவர்கள் என்னை ஓசி சார் என்கிறார்கள், மரியாதையாகத்தான்.

அண்ணன் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவர். ஞாயிறு தவறாமல் ஏரிக்குப் போவார். இருவர் மட்டும் உட்காரக்கூடிய மரப்படகு, விரல் தடிமன் தூண்டில் கோல், தலைமுடி போன்ற நைலான் நரம்பு. அந்தக் குளிர்ந்த ஏரியில் கிடைக்கும் ட்ரவுட் மீனை அவர் அப்படித்தான் பிடிப்பார். தடித்த நரம்பு போடுகிறவர்களைப் பார்த்தால், எருமைக்குக் கயிறு கட்டுகிறான் என்பார். துடுப்புப் போடுவதும் கடைசியில் கைவலை பிடிப்பதும் என் வேலை.

படகுக் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் வரைந்த ஒரு மீன் இருக்கிறது. ஏரியில் அதுவரை கிடைத்ததிலேயே பெரிய ட்ரவுட்டைச் சுவரோடு வைத்து, சுற்றிக் கோடு இழுத்து, கீழே பிடித்தவர் யாரென்று எழுதிவிடுவார் கொட்டகைக்காரர். 'சர்வேயர், 58 செ.மீ.' என்று முப்பத்திரண்டு வருடமாக இருக்கிறது. அந்த மீனைப் பிடித்தவன் நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அண்ணன் சிகரெட் பற்றவைக்கத் தூண்டிலை என் கையில் கொடுத்த ஐந்தாவது நிமிடம் அது மாட்டியது. கரைக்கு வந்ததும், "படகு என்னுது, தூண்டில் என்னுது. மீன் மட்டும் ஓசிக்கா?" என்றார். கொட்டகைக்காரர் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே எழுதினார்.

நோய் வந்தபிறகும் வாரம் ஒருமுறை அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு போனேன். கொட்டகையைக் கடக்கும்போதெல்லாம் இடது கையால் அந்தச் சுவரைக் காட்டுவார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, இல்லை என்று தலையாட்டுவார். பழைய நாளை நினைத்து வருந்துகிறார் என்று அண்ணி சொன்னாள். எனக்குப் புரிந்தது வேறு. அது தன்னுடையது இல்லை என்கிறார். தனக்கென்று ஒன்று வேண்டும் என்கிறார். புரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை அண்ணனையும் அண்ணியையும் அவர்கள் மகன் தன் ஊருக்குக் கூட்டிப்போக ஏற்பாடாகியிருந்தது. முந்தைய நாள் காலை, கடைசி முறையாகப் புறப்பட்டோம். படகுக்குப் பின்னால் முப்பது மீட்டர் நரம்பு விட்டு, மீனை ஏமாற்றும் சின்னப் பித்தளைத் தகடு ஒன்று மினுங்கியபடி வர, நான் மெதுவாகத் துடுப்புப் போட்டேன். ஏழரை மணிக்குக் கோல் வளைந்தது.

ரீல் அலறியது. நாற்பது மீட்டருக்கு அப்பால் மீன் தண்ணீரை விட்டு எழும்பி விழுந்தது. சுவரில் இருப்பதைவிடப் பெரியது என்று இருவருக்குமே தெரிந்துபோயிற்று. அண்ணன் கோலின் அடியைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கி, இடது கையால் ரீலைப் பார்த்துக்கொண்டார். மீன் ஓடும்போது விட்டார், நின்றபோது சுற்றினார், துள்ளியபோது குனிந்து கோலைத் தாழ்த்தினார். வலது கை விளங்காமல் போயும் மனிதர் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. மீன் அடியில் போகாதபடி நானும் படகை ஒழுங்காகத்தான் திருப்பிக்கொடுத்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. மீன் களைத்து, ஒருக்களித்து, படகை ஒட்டி வந்தது.

அந்த நரம்பு இரண்டு கிலோதான் தாங்கும். அதைவிடக் கனமான மீனைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் அறுந்துவிடும். வலையை முன்கூட்டியே தண்ணீருக்குள் அசையாமல் பிடிக்க வேண்டும். தூண்டில்காரர் மீனை அதன்மேல் கொண்டுவர வேண்டும். வலை பிடிக்க ஆள் இல்லையென்றால் மீன் இல்லை.

"ஓசி" என்றார்.

நான் வலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"தம்பின்னு சொல்லுங்கண்ணே. ஒரே ஒரு தடவ."

அவரால் முடியாது என்று எனக்குத் தெரியும். பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் அவரைக் கூட்டிப்போனவனே நான்தான். பந்து, பால், பல் என்று படம் காட்டிப் பயிற்சி கொடுக்கும் பெண் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்ததையும், ஒன்றும் நடக்காததையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன்.

அண்ணன் வாயைக் கோணி, "த" என்றார். மறுபடியும் "த". நாக்கு புரளவில்லை. மீன் வாலை ஒருமுறை அடித்தது. நரம்பு விண்ணென்று இழுபட்டது. "த... த... ஓசி." எச்சில் மோவாயில் வழிந்தது. துடைக்க அவருக்குக் கை இல்லை. இருந்த ஒரு கை மீனைப் பிடித்திருந்தது.

"அவசரமில்ல. யோசிச்சு சொல்லுங்க" என்றேன்.

நான்காவது முறையும் ஓசிதான் வந்தது. அவர் அழ ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வலையை இறக்கினேன்.

துடுப்பில் அவரே வெட்டிவைத்த அளவுக் கோடுகளோடு மீனை வைத்துப் பார்த்தேன். அறுபத்தொன்று. அவருக்கும் காட்டினேன். ஈரக் கன்னத்தோடு, வேலை செய்கிற பாதி முகத்தால் சிரித்தார். மீனின் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு அதே கையால் என் முழங்காலைத் தட்டி, மெதுவாக, "ஓசி" என்றார்.

நன்றி என்று சொல்ல வந்திருக்கலாம். தம்பி என்றுகூட இருக்கலாம். அதற்கெல்லாம் அவரிடம் இருந்ததே அந்த ஒரு சொல்தான். ஆனால் என் காதில் விழுந்தது அந்தச் சாப்பாட்டு மேசையில் விழுந்ததுதான்.

முள்ளைக் கழற்றினேன். மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்து, அதன் செவுள் அசையும்வரை காத்திருந்து, விட்டுவிட்டேன். அது தலையைக் கவிழ்த்து இறங்கிப்போனது. அண்ணன், "வேண்டாம்" என்றார். நான்கில் அதுவும் ஒன்று. சரியான இடத்தில்தான் சொன்னார். அவர் மோவாயை என் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தேன்.

படகுத் துறையில் அண்ணி சக்கர நாற்காலியோடு நின்றாள். கொட்டகைக்காரர் படகைப் பிடித்துக்கொண்டு, "என்ன சர்வேயர், மாட்டுச்சா?" என்று கேட்டார்.

அண்ணன் இடது கையைத் தூக்கி, உள்ளங்கையை உள்பக்கமாகத் திருப்பி, அந்தரத்தில் நிறுத்தினார். மீனின் ஒரு முனை அது. மறு முனைக்கு வேண்டிய கை மடியில் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கைகளைக் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டேன்.

"ஓசி" என்றார். "ஓசி. ஓசி."

"பாருங்க, எதுக்கும் தம்பிதான் வேணும்" என்றாள் அண்ணி.

"ஒண்ணும் மாட்டல அண்ணி. வெறும் பாசி" என்றேன்.

கொட்டகைக்காரரும் நானும் அண்ணனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தோம். போகட்டும், கடைசியாக ஏரிக் காற்று வாங்கியதே போதும் என்று சொல்லிக்கொண்டே அண்ணி நாற்காலியைத் திருப்பித் தள்ளினாள். அண்ணனுடைய கை மட்டும் இறங்கவில்லை. சுவரில் இருந்த மீனைக் கடந்து போகும்போதும் அது அப்படியே நின்றது.

விடைபெறுகிறார் என்று நினைத்துக் கொட்டகைக்காரரும் கையை அசைத்தார்.